புது வீடு வாங்கும் முன் ஆய்வு: ஒப்பந்தம் போடுவது முதல் உத்தரவாதம் முடிவது வரை முழுமையான வழிகாட்டி

பழைய வீடு வாங்கப் போகிறவர்கள் விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள், குழாயைத் திறந்து பார்க்கிறார்கள், மழைக்கு ஒழுகுமா என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார்கள். அதே ஆட்கள் புது வீடு என்றால் டைல்ஸ் நிறத்தையும் சமையல் மேடையையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. பழைய வீடு பல மழைக்காலங்களைப் பார்த்திருக்கும், ஒழுகும் இடம் கறை காட்டியிருக்கும், அஸ்திவாரம் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கி நின்றிருக்கும். புது வீட்டில் இன்னும் யாரும் குளிக்கவே இல்லை. எல்லா விளக்கும் ஏசியும் வாட்டர் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடியதில்லை. ஒரு பலத்த மழையைக்கூட அது சந்திக்காமல் இருக்கலாம். அதில் குறை இருந்தால் அதை முதலில் அனுபவிக்கப் போகிறவர் நீங்கள்தான்.

"அதிகாரி வந்து பார்த்து நிறைவுச் சான்றிதழ் கொடுத்துவிட்டாரே" என்பார்கள். அந்தச் சான்றிதழ் வேண்டும், அது இல்லாத வீட்டை வாங்கவே வேண்டாம். ஆனால் அவர் பார்ப்பது அனுமதி பெற்ற வரைபடப்படி கட்டியிருக்கிறதா, பாதுகாப்பு விதிகளின் குறைந்தபட்சம் நிறைவேறியிருக்கிறதா என்பதைத்தான். குளியலறைத் தண்ணீர் சாக்கடைத் துளைக்குப் போகாமல் மூலையில் தேங்குகிறதா என்று பார்ப்பது அவர் வேலையில் வராது. பில்டரின் என்ஜினியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் சம்பளம் பில்டரிடமிருந்து வருகிறது. உங்கள் பக்கம் நின்று பார்க்கும் ஆளை நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இன்னொரு விஷயம். ஒரு வீட்டை ஒருவர் கட்டுவதில்லை. கம்பி கட்டுபவர், கொத்தனார், எலக்ட்ரீஷியன், பிளம்பர், நீர்க்கசிவுத் தடுப்பு செய்பவர், டைல்ஸ் ஒட்டுபவர், பெயின்டர் என்று ஒவ்வொருவராக வந்து தன் வேலையை முடித்துவிட்டுப் போகிறார்கள். ஒருவர் செய்ததை அடுத்தவர் மூடுகிறார். மோசமான குறைகள் பெரும்பாலும் இந்த மாறும் இடத்தில்தான் பிறக்கின்றன: குளியலறைத் தளத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு அருமையாகப் போட்டிருப்பார்கள், மறுவாரம் பிளம்பர் வந்து பைப்புக்காக அதிலேயே ஓட்டை போடுவார், அதற்கு மேல் டைல்ஸ் வந்துவிடும், ஓட்டை போட்டது யாருக்கும் தெரியாது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இரண்டுதான். மூடுவதற்கு முன் பாருங்கள். கடைசிப் பணம் கைமாறுவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள்.

படி 1: ஒப்பந்தத்திலேயே ஆய்வுக்கு இடம் வைப்பது

ஆய்வு என்றதும் சாவி வாங்கும் நாள்தான் நினைவுக்கு வரும். ஆனால் உண்மையில் அது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே தொடங்குகிறது. பில்டர் நீட்டும் அச்சடித்த ஒப்பந்தத்தில் வாங்குபவர் சார்பாக வெளியாள் வந்து பார்க்கலாமா என்பது பற்றி ஒரு வரிகூட இல்லாமல் இருக்கலாம், அல்லது ஒப்படைக்கும் நாளில் எங்கள் ஆள் முன்னிலையில் மட்டும் என்று இருக்கலாம். அதை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். நான் சொந்தமாக அமர்த்தும் ஆய்வாளர் இன்னின்ன கட்டங்களில் உள்ளே வரலாம்; கான்கிரீட் போடும் முன்பும் சுவரை மூடும் முன்பும் எனக்கு இத்தனை நாள் முன்னதாகத் தகவல் தர வேண்டும்; ஆய்வில் வரும் குறைகளைச் சரிசெய்த பிறகுதான் ஒப்படைப்பு, இல்லையென்றால் அந்த வேலைக்கு ஈடான தொகை நிறுத்திவைக்கப்படும். இந்த மூன்றும் எழுத்தில் வந்தால் பாதி வேலை முடிந்தது.

எல்லா பில்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். காப்பீட்டுப் பிரச்சினை, தளத்தில் பாதுகாப்பு என்று காரணம் சொல்வார்கள், அதில் ஓரளவு நியாயமும் உண்டு. வேலை நடக்கும் இடத்தில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் நடமாட முடியாது. நேரம் குறித்து, ஹெல்மெட் போட்டு, உங்கள் ஆள் துணையோடு வருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் சம்மதிக்கவில்லை, ஒப்படைப்பு நாளுக்கு முன் ஒருநாள்கூட விட மாட்டோம் என்றால், அந்த வீட்டை வாங்குவது பற்றியே ஒருமுறை உட்கார்ந்து யோசிக்கச் சொல்வேன்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது, உங்கள் ஊர்ச் சட்டம் வாங்குபவருக்கு என்ன உரிமை தருகிறது என்பதைப் பில்டரோடு தொடர்பில்லாத ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள். அவருக்குப் பதிலாக எந்தக் கட்டுரையும் இதைச் செய்து தர முடியாது.

படி 2: எப்போது பார்ப்பது

வீடு இன்னும் கட்டி முடியவில்லை என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். மூன்று கட்டங்களில் பார்க்கலாம்.

முதலாவது, அஸ்திவாரத்துக்கும் தளத்துக்கும் கான்கிரீட் ஊற்றும் முன். கம்பியின் விட்டமும் இடைவெளியும் வரைபடத்தில் உள்ளபடி இருக்கிறதா, கம்பிக்கு அடியிலும் பக்கத்திலும் கவர் பிளாக் (கம்பிக்கும் அச்சுப் பலகைக்கும் நடுவில் இடைவெளி விடும் சிறு கட்டி) வைத்திருக்கிறார்களா, தளத்துக்கு அடியில் போகும் கழிவுநீர்ப் பைப்புக்குச் சரியான வாட்டம் இருக்கிறதா என்பதெல்லாம் அன்றைக்கு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். கவர் பிளாக் சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் கம்பியைச் சுற்றிப் போதுமான கான்கிரீட் இல்லையென்றால் ஈரமும் காற்றும் எளிதில் உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். கான்கிரீட் போட்ட பிறகு க்யூரிங், அதாவது தண்ணீர் விட்டு நனைத்து வைப்பது, ஒழுங்காக நடக்கிறதா என்று அவ்வப்போது போய்ப் பார்ப்பதும் இதில் சேர்த்தி. குறைந்தது ஒரு வாரம் அது ஈரம் காயாமல் இருக்க வேண்டும், கணக்கிட்ட வலிமை வந்ததா என்பதை 28 நாள் சோதனையில்தான் சரிபார்ப்பார்கள்.

இரண்டாவது, சுவரை மூடும் முன். என் பார்வையில் எல்லாவற்றிலும் மதிப்புள்ள ஆய்வு இதுதான். ஒரே ஒரு கட்டத்துக்குத்தான் செலவு செய்ய முடியும் என்று வீடு கட்டும் நிலையில் இருப்பவர் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பூச்சு வேலையோ பலகையோ வருவதற்கு முன் ஒயர் போகும் குழாய்கள், தண்ணீர் பைப், கழிவுநீர் பைப், ஜன்னல் சட்டத்தைச் சுற்றியுள்ள அடைப்பு எல்லாம் வெளியே தெரியும். ஒயரிங்குக்காகப் பீமையோ தூணையோ வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். பைப்பில் தண்ணீரை அழுத்தத்தோடு நிரப்பி, அழுத்தமானி முள் இறங்காமல் நிற்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். சுவரை மூடிய பிறகு அதே கசிவைக் கண்டுபிடிக்க டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும். அப்புறம், அன்றைக்கு ஒவ்வொரு சுவரையும் ஒரு டேப்பை நீட்டிப் பிடித்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் தூரம் தெரியும்படி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆணி அடிக்கவும் துளை போடவும் அந்தப் படங்கள்தான் காப்பாற்றும்.

மூன்றாவது, வேலை முழுவதும் முடிந்து, ஒப்படைப்புக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு. அதே நாளிலோ முந்தின நாளிலோ வைத்தால் திருத்த நேரம் இருக்காது. லாரியில் சாமான் ஏறிவிட்ட பிறகு யாரும் "சரிசெய்துவிட்டு வா" என்று உறுதியாகச் சொல்வதில்லை.

வீடு ஏற்கனவே முடிந்துவிட்டதா? முதல் இரண்டு கட்டங்கள் போய்விட்டன, பரவாயில்லை. அந்த நேரத்தில் எடுத்த போட்டோக்கள், கான்கிரீட் கட்டிகளின் சோதனை அறிக்கை, பைப் அழுத்தச் சோதனைப் பதிவு ஆகியவற்றைப் பில்டரிடம் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்தவரிடம் இவை இருக்கும்.

படி 3: சரியான ஆளைப் பிடிப்பது

பில்டரோ தரகரோ சிபாரிசு செய்யும் ஆளை எடுக்காதீர்கள். அந்த ஆள் நேர்மையானவராகவே இருக்கலாம், ஆனால் அடுத்த வேலையும் அவர்களிடமிருந்தே வர வேண்டும் என்றால் பேனா கொஞ்சம் தயங்கத்தான் செய்யும். ஆய்வு செய்துவிட்டு "பழுதுபார்ப்பதையும் நாங்களே செய்து தருகிறோம்" என்பவரையும் தவிர்த்துவிடுங்கள்.

உரிமம் தேவைப்படும் ஊர் என்றால் உரிமம் இருக்கிறதா, கட்டுமானத்தில் படிப்போ அனுபவமோ என்ன, தவறிழைத்தால் ஈடு செய்யும் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். முன்பு செய்த ஒரு அறிக்கையைப் பெயர், முகவரி மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். இது மிக நல்ல சோதனை. "திருப்தி, சுமார், கவனிக்கவும்" என்று டிக் போட்ட பட்டியலாக இருந்தால் வேண்டாம். எந்த அறை, எந்தச் சுவர், என்ன குறை, அதனால் என்ன ஆகும், யார் சரிசெய்ய வேண்டும் என்று படத்தோடு எழுதியிருந்தால் அவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள். மொட்டை மாடிக்கும் கூரைக்கும் ஏறுவாரா, நீங்கள் கூடவே இருக்கலாமா, திருத்திய பிறகு மறுபடி வந்து பார்க்க எவ்வளவு ஆகும் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

நான் எப்போதும் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு: "எதையெல்லாம் நீங்கள் பார்க்க மாட்டீர்கள்?" சாதாரண வீட்டு ஆய்வு என்பது உடைக்காமல், பிரிக்காமல் கண்ணுக்கும் கருவிக்கும் எட்டுவதைப் பார்ப்பது. கட்டமைப்பில் சந்தேகம் வந்தால் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் வேண்டும், நிலத்தடிச் சாக்கடைக்கு கேமரா விட்டுப் பார்க்கும் ஆள் தனி. இந்த எல்லையைத் தெளிவாகச் சொல்பவர் நம்பத்தக்கவர், எல்லாம் பார்த்துவிடுவேன் என்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

படி 4: போகும் முன் தயாராவது

அனுமதி பெற்ற வரைபடம், கட்டமைப்பு வரைபடம், மின்சார வரைபடம், ஒப்பந்தத்தில் வாக்களித்த பொருட்களின் பட்டியல் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ன கம்பெனி ஒயர், இன்ன தடிமன் டைல்ஸ் என்று எழுதியிருந்தால் அதைத்தான் போட்டிருக்கிறார்களா என்று ஒப்பிட வேறு வழியில்லை.

மின்சாரமும் தண்ணீரும் இணைத்திருக்க வேண்டும், இதை முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள். தற்காலிக இணைப்பில் ஒரு பல்பு எரிவது போதாது. இணைப்பு வரவில்லை என்றால் ஆய்வைத் தள்ளிப்போடுங்கள், பாதி வீட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதில் பயனில்லை.

முடிந்தால் மழை பெய்து ஓய்ந்த மறுநாளைத் தேர்ந்தெடுங்கள். எப்படியானாலும் பகல் வெளிச்சத்தில் போங்கள். கையோடு ஒரு டார்ச், ரசமட்டம், டேப், போன் சார்ஜர், ஒரு வாளி, கொஞ்சம் டிஷ்யூ பேப்பர், பென்சில், குறியிட ஒட்டும் டேப் எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளரிடம் கருவிகள் இருக்கும், இருந்தாலும் அவர் ஒரு அறையில் இருக்கும்போது நீங்கள் இன்னொன்றில் பார்க்கலாம்.

படி 5: ஆய்வு நாள்

வெளியிலிருந்து தொடங்குங்கள். வீட்டுக்கு எதிரி தண்ணீர், அது எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று முதலில் புரிந்துகொண்டால் உள்ளே தெரியும் பாதிக் கறைகளுக்குக் காரணம் கிடைத்துவிடும். சுற்றியுள்ள தரை வீட்டை விட்டு விலகிச் சரிய வேண்டும். முதல் 3 மீட்டர் தூரத்துக்குள் 15 சென்டிமீட்டராவது இறங்குவது நல்ல அளவு. உள்தளம் வெளித்தரையைவிட உயரமாக இருக்க வேண்டும், சுவரில் ஓதம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு வெளி மண்ணுக்கு மேல் சுமார் 15 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். அழகுக்காகப் பூச்செடி மண்ணைக் குவித்து அந்த அடுக்கையே புதைத்துவிடுவது சகஜம். சாக்கடைத் தொட்டிகளின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள், உள்ளே சிமென்ட் பாலும் கல்லும் கிடந்தால் அதை அகற்றிவிட்டுத்தான் மற்ற பேச்சு.

மாடித் தளம் தட்டையாக இருந்தால் தண்ணீர் தேக்கிப் பார்ப்பது நம்பகமான சோதனை. வெளியேறும் துளைகளை அடைத்துவிட்டு, சில சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்தி, குறைந்தது 24 மணி நேரம் விட்டு, கீழ்ப்பக்கம் ஈரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தளம் அந்த எடையைத் தாங்கும்படி வடிவமைத்ததா என்று என்ஜினியரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள். தண்ணீரைத் திறந்துவிட்டதும் எங்காவது குட்டை நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, தளத்தைத் துளைத்து வரும் பைப்பைச் சுற்றிய இடம், தண்ணீர் தொட்டியின் கால்கள் இந்த மூன்றும்தான் ஒழுகுவதற்குப் பேர்போன இடங்கள். சாய்வான கூரை என்றால் ஓடுகளின் வரிசை, சுவரோடு கூரை சேரும் இடத்துத் தகடு, கூரை ஓரத்து மழைநீர் வடிகாலின் வாட்டம் இவற்றைப் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது விரிசல்கள். எல்லோரும் பயப்படுவதும் இதற்குத்தான், தேவையில்லாமல் சமாதானமாகிவிடுவதும் இதில்தான். பூச்சில் வலைபோல மெல்லிசாக ஓடும் கோடுகள் பெரும்பாலும் சிமென்ட் காய்ந்து சுருங்கியதால் வருபவை. செங்கல் சுவரும் கான்கிரீட் பீமும் சேரும் இடத்தில் நேர்கோடாக வரும் விரிசல், இரண்டு பொருளும் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரிவதால் வருவது. வலை வைத்துப் பூசாமல் விட்டிருப்பார்கள், திருத்தச் சொல்ல வேண்டும், ஆனால் வீடு விழுந்துவிடாது. கவலைப்பட வேண்டியவை வேறு வகை. ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்புவது, செங்கல் இணைப்பு வழியாகப் படிக்கட்டுபோல இறங்குவது, ஒரு முனை மெல்லிசாகவும் மறுமுனை அகலமாகவும் இருப்பது, சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தெரிவது, தரை டைல்ஸில் தொடங்கிச் சுவரில் தொடர்வது. தூணிலும் பீமிலும் எந்த விரிசலையும் லேசாக எடுக்க வேண்டாம்.

அகலம் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. வங்கி அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். அட்டையின் ஓரம் விரிசலுக்குள் நுழைந்தால் அதைக் கட்டாயம் அறிக்கையில் ஏற்றச் சொல்லுங்கள். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் வராமல் மேலே போகாதீர்கள். அகலம் குறைவாக இருந்தாலும் மேலே சொன்ன சந்தேக வகையில் சேர்ந்தால் அவரிடம் காட்டுவதே நல்லது. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிப் போட்டோ எடுங்கள். மறு ஆய்வின்போது அது வளர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரே சுவரில் ஒரு திட்டு மட்டும் புதுப் பெயின்டாகப் பளிச்சென்று இருந்தால், அங்கே ஏன் மட்டும் பெயின்ட் அடித்தீர்கள் என்று நேராகவே கேளுங்கள்.

ஓதம் பார்க்கும் மீட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. புதுக் கட்டடத்தில் கான்கிரீட்டிலும் பூச்சிலும் கட்டும்போது சேர்த்த தண்ணீரே நிறைய இருக்கும். சிமென்ட் தளப் பூச்சு நல்ல காற்றோட்டத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் காயும், 50 மில்லிமீட்டர் பூச்சு காய ஏழெட்டு வாரம் ஆகிவிடும். அதனால் மீட்டர் எல்லா இடத்திலும் அதிகம் காட்டலாம். பார்க்க வேண்டியது வித்தியாசத்தை: ஒரே சுவரில் மேலே குறைவாகவும் கீழே அதிகமாகவும் இருக்கிறதா, குளியலறைக்கு மறுபக்கச் சுவர் மட்டும் கூடுதலாகக் காட்டுகிறதா, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? அப்படி இருந்தால் வேறெங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. வெப்பக் கேமராவும் இப்படித்தான். அது சுவருக்குள் எதையும் பார்க்காது, மேற்பரப்பின் வெப்பத்தை மட்டும் காட்டும். அதில் தெரியும் குளிர்ந்த திட்டை ஈரமானியால் உறுதிசெய்த பிறகுதான் கசிவு என்று சொல்ல வேண்டும். படத்தைக் காட்டி அசத்துபவரைவிட இதை விளக்கிச் சொல்பவர் மேல்.

குளியலறைக்கு நேரம் ஒதுக்குங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கதவுப் பக்கத்திலிருந்து ஊற்றி அது தானாகத் துளைக்குப் போகிறதா என்று நின்று பாருங்கள். துளையை அடைத்துத் தண்ணீர் தேக்கி ஒரு நாள் விட்டு, கீழ்த்தளத்துக் கூரையைப் பார்ப்பது அடுத்தது. இதற்கு ஆய்வுக்கு முந்தின நாளே ஏற்பாடு செய்ய வேண்டும். வாஷ்பேசினையும் சிங்கையும் விளிம்புவரை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். சொட்டுச் சொட்டாகப் போகும்போது தெரியாத கசிவு முழு வேகத்தில் போகும்போது தெரியும். கீழே பைப் இணைப்புகளை டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைக் காகிதம் காட்டிவிடும். ஷவர், குழாய், ஃபிளஷ் மூன்றையும் ஒன்றாக ஓடவிட்டு அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். சுடுதண்ணீர் எந்தப் பக்கம் என்று கையை வைக்கும் முன் கொஞ்சம் ஓடவிட்டுச் சோதியுங்கள், இரண்டு பைப்பையும் மாற்றி இணைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

சாக்கடை நாற்றம் அடித்தால் உடனே பயப்பட வேண்டாம். துளைக்குக் கீழே வளைந்த டிராப்பில் 50 மில்லிமீட்டர் அளவுக்காவது தண்ணீர் நின்று காற்றைத் தடுக்க வேண்டும், ஆளில்லாத வீட்டில் அது ஆவியாகியிருக்கும். தண்ணீர் ஊற்றிவிட்டு அரை மணி கழித்து வாருங்கள். அப்போதும் நாற்றம் இருந்தால் டிராப் இல்லை, அல்லது காற்றுப்போக்கிப் பைப்பில் கோளாறு. வடிகால் மெதுவாகப் போனால் டைல்ஸ் போட்டவர்கள் கழுவி ஊற்றிய சிமென்ட் பைப்பில் இறுகியிருக்கலாம், கேமரா விட்டுப் பார்ப்பது நியாயமான கோரிக்கை.

மின்சாரத்தில் நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு, செய்யவே கூடாததும் உண்டு. ஒவ்வொரு பாயின்ட்டிலும் போன் சார்ஜரைச் செருகிப் பார்க்கலாம். பிரேக்கரை ஒவ்வொன்றாக அணைத்து, எழுதியிருக்கும் பெயர்ப்படி அந்த அறைதான் அணைகிறதா என்று பார்க்கலாம். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது உடனே விழ வேண்டும். பெட்டியைத் திறப்பதைத் தகுதியுள்ளவரிடம் விடுங்கள். உயிர்ப் பாதுகாப்புக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, கருவி வைத்துச் சோதித்தால் 300 மில்லிவினாடிக்குள் விழுகிறதா, 500 வோல்ட் சோதனையில் ஒயர் மேலுறையின் காப்புத் தடை 1 மெகாஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா, எர்த் தடை எவ்வளவு என்று அவரிடம் கேளுங்கள். எண்களாக எழுதி வாங்குங்கள், "ஓகே" என்ற சொல் போதாது. இன்னும் முக்கியமானது, ஒயரின் தடிமனுக்கும் பிரேக்கருக்கும் பொருத்தம். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 32 ஆம்பியர் பிரேக்கர் போட்டால், ஒயர் சூடாகி உருகும்வரை பிரேக்கர் சும்மா இருக்கும். சாக்கெட்டில் செருகும் மூன்று விளக்குச் சோதனைக் கருவி பயனுள்ளதுதான், ஆனால் நியூட்ரலும் எர்த்தும் மாறியிருந்தால் அது காட்டாது என்பதை நினைவில் வையுங்கள்.

சமையல் வாயு இணைப்பு இருந்தால் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். தீக்குச்சி பக்கத்திலேயே வரக் கூடாது.

மற்றவை சீக்கிரம் முடியும். டைல்ஸைக் காசாலோ சிறு கம்பியாலோ தட்டினால் வெற்றொலி வரும் இடத்தில் டேப் ஒட்டுங்கள். எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறந்து மூடிப் பூட்டிப் பாருங்கள், பாதி திறந்து விட்ட கதவு தானாக நகர்ந்தால் நிலை தூக்குக்குண்டுக்கு நிற்கவில்லை. ஜன்னல் அடிக்கட்டை வெளிப்பக்கம் சரிய வேண்டும். அறையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் மூலைகள் கோணலில்லாமல் இருக்கின்றனவா என்று தெரியும், இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். படிக்கட்டில் ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளங்கள். ஒரே வரிசையில் 1 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கால் தடுக்கும். கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் சின்னக் குழந்தை நுழைந்துவிடும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சுவரைப் பார்க்க டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடியுங்கள், மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும்.

படி 6: அறிக்கையைப் படிப்பது

புது வீட்டு அறிக்கையில் நீளமான பட்டியல் வருவது இயல்பு, பார்த்ததும் மனம் தளர வேண்டாம். எண்ணிக்கையை விட்டுவிட்டு மூன்றாகப் பிரியுங்கள். உயிருக்கும் கட்டடத்துக்கும் ஆபத்தானவை ஒரு பக்கம். தண்ணீர் சம்பந்தப்பட்டவை, அதாவது இன்று சின்னதாக இருந்து நாளை பெரிதாகக்கூடியவை, இன்னொரு பக்கம். கீறல், பெயின்ட் வழிந்தது, கைப்பிடி கோணல் போன்றவை கடைசி. பில்டர்கள் கடைசி வகையைச் சந்தோஷமாக உடனே செய்து கொடுப்பார்கள், ஏனென்றால் ஒரு பெயின்டர் ஒரு நாளில் முடித்துவிடுவார். அதைப் பார்த்துவிட்டு நாமும் எல்லாம் நடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம், முதல் இரண்டு வகையும் அப்படியே கிடக்கும்.

படி 7: பில்டரிடம் பேசுவது

குறை, இடம், படம், எப்படிச் சரிசெய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். இவ்வளவையும் மின்னஞ்சலிலோ கடிதத்திலோ அனுப்பி, கிடைத்தது என்று பதில் வாங்குங்கள். போனில் பேசியதைக்கூட அன்று மாலையே "நாம் பேசியபடி" என்று எழுதி அனுப்பிவிடுங்கள். குரலை உயர்த்தத் தேவையில்லை. தளத்தில் வேலை செய்பவர்களிடம் மரியாதையாகப் பேசுங்கள், திருத்தப் போவதும் அவர்கள்தான்.

சில பதில்கள் வரும். "இது எல்லா வீட்டிலும் இருப்பதுதான்" என்றால், எந்த விதியின்படி இது அனுமதிக்கப்பட்ட அளவு என்று எழுதிக் கொடுங்கள் எனக் கேளுங்கள். "குடி வாருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால், தேதியும் அதுவரை நிறுத்திவைக்கும் தொகையும் எழுத்தில் வர வேண்டும். கசிவுக்கு மேலே பூச்சு பூசித் தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம், காரணத்தைக் கண்டுபிடித்து அதைச் சரிசெய்த பிறகுதான் பூச்சு. தூணில் கான்கிரீட் தேன்கூடுபோல ஓட்டையாக இருக்கும் இடத்தை என்ஜினியர் பார்க்கும் முன் மூட விடாதீர்கள்.

ஒப்படைப்புப் படிவத்தில் "திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்ற வரி இருக்கும். திருத்தாத குறைகள் இருந்தால், இணைப்பில் உள்ள குறைகளைத் தவிர என்று கையாலேயே எழுதி, பட்டியலை இணைத்து, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட நகலை வாங்கி வையுங்கள்.

படி 8: மறு ஆய்வு

எல்லாம் முடித்துவிட்டோம் என்று செய்தி வந்ததும் அதே ஆய்வாளரைக் கூட்டிப் போங்கள். பழைய பட்டியலை வரிசையாகப் பாருங்கள், அதோடு திருத்தும்போது புதிதாக என்ன கெட்டது என்பதையும் பாருங்கள். ஒரு டைல்ஸை மாற்றும்போது அடியிலிருந்த நீர்த்தடுப்பு கிழிந்திருக்கலாம். அதனால் குளியலறையில் உடைத்து வேலை செய்திருந்தால் தண்ணீர் தேக்கும் சோதனையை மறுபடி செய்தே ஆக வேண்டும்.

படி 9: உத்தரவாதம் முடியும் முன் ஒருமுறை

பூச்சு, கதவு, பெயின்டுக்கு 1 வருடம், பைப்புக்கும் ஒயரிங்குக்கும் 2 வருடம், கட்டமைப்புக்கு 10 வருடம் என்பதுபோல உத்தரவாதத்தைப் பிரித்துக் கொடுப்பது பல இடங்களில் உண்டு. உங்களுக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று பத்திரத்தில் பார்த்து, ஒவ்வொன்றும் முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே காலண்டரில் குறித்துவிடுங்கள். முதல் வருடம் முடியப்போகும் நேரத்தில் வீடு வெயிலும் மழையும் பார்த்திருக்கும், கான்கிரீட் காய்ந்திருக்கும், நீங்கள் பென்சிலால் போட்ட கோடுகளைத் தாண்டி விரிசல் போயிருக்கிறதா என்று தெரியும். அந்த மாதத்தில் மீண்டும் ஒரு முழு ஆய்வு வையுங்கள். கூரையின் அடிப்பக்கம், ஜன்னல் ஓரங்கள், குளியலறைக்கு வெளிச்சுவர், வெற்றொலி கேட்ட டைல்ஸ் இவற்றில் கூடுதல் கவனம் வையுங்கள். வந்த அறிக்கையை உத்தரவாதம் முடியும் தேதிக்கு முன்பே, கிடைத்ததற்கான அத்தாட்சியோடு பில்டருக்கு அனுப்பிவிடுங்கள். திருத்த வருவது தாமதமானாலும், கெடு முடிவதற்குள் புகார் கொடுத்ததற்கு உங்களிடம் சான்று இருக்கும்.